தாம்பூலம் வாங்கியவர்களும் கூடை வரியும்

முன்னொரு காலத்தில், ராஜாவின் ஆசையே சட்டமாக இருந்த ஒரு நாட்டில், அரசவைக் கோணங்கி மருதப்பனின் மனைவி தாயம்மை கீரை பறிக்கக் கிளம்பினாள்.

“இன்னிக்கு ராஜாவைச் சிரிக்க வைக்க என்ன வச்சிருக்கீங்க?”

“மந்திரி மீசையைப் பத்தி ஒண்ணு.”

“போன மாசமும் அதானே? அவர் மீசையாவது வளருது, உங்க கதை வளரலையே!” என்று சிரித்துக்கொண்டே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

வேலியோரத்தில் அவளை நல்ல பாம்பு தீண்டியது. அலறல் கேட்டு வந்த மருதப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தர்ம வைத்தியசாலைக்கு ஓடினான். கதவில் பூட்டுத் தொங்கியது. முந்தின நாள்தான் பூட்டியிருந்தார்கள். அந்த வாசலிலேயே தாயம்மையின் உயிர் பிரிந்தது.

பூட்டிய கதை இது. அரசருக்கு அன்னப்பறவை வடிவில் பொன் வேய்ந்த படகு வேண்டும் என்று ஆசை வந்தது. படகு வந்தது; பொக்கிஷம் காலியானது. வரியைக் கூட்டலாம் என்றால், அரசர் கையால் தாம்பூலம் வாங்கியவர்கள் வரி கட்ட வேண்டாம் என்பது அந்த நாட்டு வழக்கம். பெரிய நிலக்காரர், பெரிய வியாபாரி எல்லோரும் தாம்பூலம் வாங்கியவர்கள். அவர்களில் முதல் ஆள் பொக்கிஷ அதிகாரி குபேரலிங்கம்.

“செலவைக் குறையுங்கள், பிரபு. வைத்தியசாலைக்கு வருகிறவன் நமக்கு என்ன தருகிறான்?” என்றார் அவர்.

அரசரும் கட்டளையிட்டார்: “பொக்கிஷத்துக்குக் கொடுக்காதவனுக்குப் பொக்கிஷத்திலிருந்து ஒன்றும் கிடையாது.”

காரியமெல்லாம் முடிந்தபின் மருதப்பன் சபைக்கு வந்தான். சிரிக்க வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. குபேரலிங்கம் விடவில்லை.

“அழுமூஞ்சிக் கோணங்கிக்குச் சம்பளம் எதற்குப் பிரபு? அதுவும் வீண் செலவுதானே?”

அரசர் மீசையைத் தடவினார். “மருதப்பா, பொக்கிஷம் நிறைய வழி சொல். குடியானவனிடம் ஒரு காசு கூடுதலாகக் கேட்கக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடு.”

“புதுசா வழி எதுக்கு, மகாராஜா? நீங்க போட்ட கட்டளையே போதும். அதை எழுத்துப் பிசகாம நிறைவேத்த எனக்கு ஒருநாள் அதிகாரம் குடுங்க.”

அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் உச்சி வேளையில் குபேரலிங்கம் தலைப்பாகை அவிழ, வேர்க்க விறுவிறுக்கச் சபைக்குள் ஓடி வந்தார். அவர் பின்னால் தாம்பூலம் வாங்கிய மற்றவர்களும் வந்தார்கள்.

“பிரபு! என் வயலுக்குப் பாயும் ஏரி மடையை அடைத்துவிட்டான்! களஞ்சியத்துக் காவல் வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்! கணவாயில் என் வண்டிகளுக்குத் துணைப்படை இல்லை. கள்ளர் பயத்தில் வண்டிக்காரர்கள் நகர மாட்டேன் என்கிறார்கள்!”

மருதப்பன் கைகட்டி நின்றான். “ஏரியை வெட்டினது யாரு காசுலங்கய்யா?”

“அரண்மனைக் காசில்தான்!”

“காவலுக்குச் சம்பளம்?”

“அதுவும் அரண்மனைதான்!”

“நீங்க பொக்கிஷத்துக்கு என்ன குடுக்குறீங்க?”

குபேரலிங்கம் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தினார். “என்னைப் பார்த்தா கேட்கிறாய்? என் பாட்டன் காலத்திலிருந்து ஒரு காசு கொடுத்ததில்லை! தாம்பூலம் வாங்கிய குடும்பமடா நாங்கள்!”

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஐயா தாம்பூலக்காரரே, கட்டளை உமது யோசனைதானே? மடை வேண்டுமா, வழக்கம் வேண்டுமா? சொல்லும்!”

“மடைதான் பிரபு,” என்றார் குபேரலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டே. “வரி கட்டுகிறேன்.” மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

அரசர் தம் முத்து மாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். “கெட்டிக்காரனடா நீ! இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“அந்தப் பூட்டை எடுக்கச் சொல்லுங்க, மகாராஜா.”

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வாசலில் நடந்தது அவருக்கும் தெரியும். தயங்கியபடி கேட்டார். “உன் மனைவி... அவள் ஏதாவது வரி கட்டியிருக்கிறாளா?”

“கீரை விக்கிறவ, மகாராஜா. ஒரு சந்தை தவறாம கூடை வரி கட்டினா.”

அரசர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “பூட்டை எடுங்கள்,” என்றார்.

வேலை போய்ச் சொந்த ஊருக்குப் போயிருந்த வைத்தியர் இரண்டு நாளில் திரும்பினார். அடுப்பு மூட்டினார். வாசலில் வரிசை நின்றது. கடைசி ஆளாக மருதப்பனும் நின்றான்.

“உனக்கு உடம்புக்கு என்னப்பா?”

“ஒண்ணுமில்ல வைத்தியரே. அன்னிக்கு அவளுக்குக் கிடைக்கலையே, அதுல ஒரு மடக்கு குடுங்க.”

வைத்தியர் கஷாயத்தை ஊற்றிக் கொடுத்தார். அது எப்போதும் போலவே கசந்தது.