ராஜாவுக்காகப் பல் கொடுத்த ராயர்

முன்னொரு காலத்தில், கையில் செங்கோலும் வாயில் சுருட்டுமாகக் குறும்பலூர்ச் சீமையை ஆண்ட உக்கிரமுடி என்றொரு ராஜா இருந்தார். செங்கோலையாவது சற்றுக் கீழே வைப்பார், சுருட்டை வைக்கமாட்டார். அவருக்கு ஜால்ரா போடுவதற்கென்றே பிறந்தவர் சொக்கேச ராயர். மந்திரி நல்லடியாரின் பதவிமேல் ராயருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் ராஜாவின் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் குடைந்தெடுத்தது. மந்திரி அழைத்துவந்த வைத்தியர் வீராயி, குறடு போட்டு அதைப் பிடுங்கினார்.

"குழியில் கட்டுகிற ரத்தம்தான் புண்ணுக்கு மூடி, மகாராஜா. அது பெயர்ந்தால் உயிர் போகிற வலி வரும். சுருட்டு, வெற்றிலை, கள், காறித் துப்புவது எதுவும் ஆகாது. தாங்கள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்கிறதாம். நீரிழிவு உடம்பில் புண் ஆறத் தாமதமாகும், இனிப்பும் வேண்டாம்" என்றார் வீராயி.

ராயர் குறுக்கே விழுந்து, குடிபடைகளின் பத்தியத்தை மன்னர் குலத்துக்குச் சொல்லலாமா என்று கேட்டார். ராஜா அகமகிழ்ந்து போனார். அன்றைக்கே சுருட்டைப் பற்றவைத்து, பாயசம் குடித்து, வெற்றிலைச் சாற்றைப் படிக்கம் அதிரத் துப்பினார்.

சில நாளில் கன்னம் பூசணிக்காயாக வீங்கியது. வாய் நாற்றம் தாங்காமல் சாமரம் வீசுகிறவள் எட்ட நின்று வீசினாள். ராயருக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். மந்திரி கூட்டிவந்தது ராசியில்லாத கை, அதை வெட்டினால்தான் வலி தீரும் என்று ராஜாவின் காதில் ஓதினார். வலி பொறுக்காத ராஜா, வீராயியின் வலக்கையை வெட்டும்படி உத்தரவு போட்டுவிட்டார். அந்தக் கையை நம்பித்தான் வீராயியின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் ராயர் தப்பித்திருப்பார். நாக்கு சும்மா இருந்தால்தானே! "மன்னர் படுகிற பாட்டை நானும் படக் கொடுத்துவைக்கவில்லையே" என்று சபை நடுவே தேம்பினார்.

மந்திரி சட்டென்று எழுந்தார். "ராயர் ஆசைப்பட்டுக் கேட்கிறார், அரசே. அவருக்கும் ஒரு சொத்தைப் பல் உண்டு. அதே கை, அதே குறடு பிடுங்கட்டும். அவர் குழியும் அழுகினால் அந்தக் கையை வெட்டுங்கள். ஆனால் வேதனையில் பங்கு கேட்டவருக்குச் சுகத்தில் பங்கு எதற்கு? சுருட்டு, வெற்றிலை, கள், இனிப்பு ஒன்றும் கூடாது. காவல் போட்டு வெறும் கஞ்சி ஊற்றுவோம்."

தன்னைப்போல இன்னொருவன் துடிப்பதைப் பார்க்க ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. ராயர் வாய் திறந்து மறுப்பதற்குள், திறந்த வாயில் குறடு புகுந்துவிட்டது.

பிறகு கஞ்சியும் காவலுமாக ராயரின் பொழுது போனது. குழி அழுக வேண்டுமென்று அவர் வேண்டாத தெய்வமில்லை. அதுவோ கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஆறிக்கொண்டே வந்தது.

ராஜா கூப்பிட்டனுப்பியபோது, ராயர் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு முனகியபடி வந்தார். ராஜா நம்பவில்லை. துணியை அவிழ்த்து, விளக்கைப் பிடித்து, வாய்க்குள் எட்டிப் பார்த்தார். குழியில் இளஞ்சிவப்பாகச் சதை கூடியிருந்தது.

"ஒரே கை, ஒரே குறடு. இவனுக்கு ஆறிவிட்டது. எனக்கு ஏன் ஆறவில்லை?" என்று உறுமினார்.

"அவருக்குத் தண்டனை கிடைத்தது, அரசே. தங்களுக்கு உபசாரம் கிடைத்தது" என்றார் மந்திரி.

ராஜா வாயிலிருந்த சுருட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு படிக்கத்தில் போட்டார்.

"அந்தத் தண்டனையை எனக்கும் போடும்" என்றார்.

வீராயி சொன்னபடி தங்களுக்குச் சற்றுத் தாமதமாகும், ஆனால் ஆறிவிடும் என்றார் மந்திரி. வீராயியின் வலக்கைக்கு ராஜா தங்கக் காப்புப் போட்டார். ராயருக்கும் ஒரு புதுப் பதவி கிடைத்தது. ராஜா சுருட்டோ பாயசமோ கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று "கூடாது" என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் ஒரு பல் போகும். பிறந்ததிலிருந்து அரண்மனையில் ராயர் வாயில் வராத சொல் அது.

அன்று மாலையே ராஜா பாயசம் கேட்டார். ராயர் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "உத்தரவு, மகாராஜா" என்றார்.

வீராயி குறடும் கையுமாக வந்து நின்றார்.