நூற்று நாற்பது கேள்விகள்

இளைஞர் வளர்ச்சியை ஆராயும் பேராசிரியர் தணிகாசலம், நூற்று நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். அதைக் கபடி மைதானத்து இளைஞர்களிடம் கொண்டுபோன ஆய்வு மாணவி முத்தரசி, பாதி நிரம்பிய படிவங்களோடு திரும்பி வந்தாள்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை, அதையே ஆய்வு முடிவா எழுதிடலாம்" என்றார் பேராசிரியர். "வெள்ளிக்கிழமைக்குள்ள நூறு படிவம் முழுசா வரணும். இல்லேன்னா இந்த ஆய்வுல உனக்கு இடமில்லை."

முத்தரசிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பணிவாகச் சொன்னாள்: "சரிங்க சார். மாதிரிக்கு ஒண்ணு நீங்களே நிரப்பிக் கொடுத்தா, அதைக் காட்டிக் கேட்பேன்."

பேராசிரியர் பெருமையோடு பேனாவைத் திறந்தார். பத்தாவது கேள்வியில் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். இருபதில் டீ வரவழைத்தார். முப்பத்தொன்றில் பேனாவை வீசினார்.

"யாரும்மா இதை முழுசா நிரப்புவாங்க?"

"அந்தப் பசங்க எழுபது வரைக்கும் வந்தாங்க சார்."

பேராசிரியர் அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்மா. எந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம், நீயே சொல்லு, அடிச்சிடலாம்."