தலைவர் வீட்டுக்கு வந்த சீர்

பேரூராட்சித் தலைவர் புது வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெறுங்குடங்களோடு ஊர்வலம் போக அனுமதி கேட்டாள் சித்தாள் மாரிக்கனி.

"கல்யாணம், சீர், சாவு, இதுக்குத்தான் அனுமதி வேண்டாம். நீங்க கூட்டமா நடந்தா உள்ள வச்சிருவேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரிங்கய்யா," என்று போய்விட்டாள்.

தலைவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று மேலத்தெருப் பெண்கள் மேளத்தோடு சீர் கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு குடம், மஞ்சள் தடவி, பூச்சுற்றி.

பந்தலிலிருந்த இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். "அனுமதி எங்க?"

"சீருக்கு வேண்டாம்னீங்களே, அய்யா," என்றாள் மாரிக்கனி.

தலைவரின் மனைவி ஒரு குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலை மறித்தாள். "புது வீட்டுக்குள்ள வெறுங்குடத்தோடயா வருவாங்க?"

"நிறைகுடமா கொண்டுவரத்தாம்மா ஆசை. குழாய்ல தண்ணி வரட்டும், இங்கேயே நிக்கோம்."

தலைவரின் மனைவி கணவரை முறைத்தாள். தலைவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். வால்வு திறப்பவரை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் பறந்தது.

முகூர்த்தம் முடியுமுன் மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வந்து குடங்கள் நிறைந்தன.