மாப்பிள்ளை ஏறிய விசிறிப் படகு

கோணக்கரை மாசிலாமணிக்கு முப்பத்தெட்டு வயதில்தான் பெண் கிடைத்தது. பெண் ஏரிக்கு அந்தக் கரையில். முகூர்த்தம் ஒன்பது மணி. ஒரு நிமிடம் தாண்டினாலும் பெண்ணை அவள் அத்தை மகனுக்குக் கட்டிவிடுவேன் என்று மாமனார் காளத்தி சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. துடுப்பு போட்டால் சிக்கிக்கொள்ளும். அதனால் கூட்டாளிகள் ஒச்சப்பனும் நல்லமுத்துவும் படகுக்கு மோட்டார் விசிறி ஏற்பாடு செய்தார்கள். மெக்கானிக் அதைப் படகின் முன்முனையில் மாட்டி, வெளியே பார்த்த பக்கத்தில் குங்குமப் பொட்டும் வைத்தார்.

"இது காத்தைப் பின்னால தள்ளும், படகு முன்னால போகும். முனையில வச்சா இழுத்துட்டுப் போகும், கடைசியில வச்சா தள்ளிட்டுப் போகும். இப்ப பொட்டு வெளியே பாக்குது, அதை மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று காலை மோட்டாரை முடுக்கியதும் காற்று முகத்தில் அறைந்து மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் கொண்டுபோனது. உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு யோசனையில் உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளைய இழுத்துட்டுப் போறது மரியாதையா? இஷ்டமில்லாம வர்றான்னு நெனைப்பாங்க" என்றான் ஒச்சப்பன்.

"தள்ளிட்டுப் போனா மட்டும்?" என்றான் நல்லமுத்து.

"தள்ளுறது முதுகுக்குப் பின்னாலதானே நடக்கும். பொண்ணு வீட்டுக்குத் தெரியாது."

மாசிலாமணிக்கு இது நியாயமாகப் பட்டது. விசிறியைக் கழற்றிக் கடைசியில் மாட்டினார்கள். அங்கேயும் பொட்டு வெளியே பார்க்கும்படி வெகு கவனமாகத் திருப்பி மாட்டினார்கள். முடுக்கினால் படகு பின்னாலேயே வந்து சொந்தக் கரையில் முட்டியது. மணி எட்டேகால். மாசிலாமணி அழுதேவிட்டான்.

"படகுக்கு நம்ம ஊரை விட்டு வர மனசில்ல. ஊரைப் பாத்தமாதிரி திருப்பி விடுங்க" என்றான் நல்லமுத்து.

திருப்பினார்கள். படகு பின்பக்கமாகவே அக்கரைக்கு விரைந்தது. புறப்பட்டபின் திரும்பிப் பார்க்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால், மாசிலாமணி வழியெல்லாம் கோணக்கரையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரை சேர்ந்தார்கள். முதலில் வந்தது விசிறி. பொட்டும் வைத்திருந்ததால் பெண்கள் அதற்கே ஆரத்தி எடுத்தார்கள்.

"இறங்குங்க மாப்பிள்ளை, நேரமாகுது!" என்றார் காளத்தி.

"இன்னும் வந்து சேரலியே மாமா. கண்ணுக்கு எங்க ஊர்தான் தெரியுது."

"திரும்பிப் பாருங்க!"

"அது மட்டும் முடியாது. அம்மா வேணாம்னுட்டாங்க."

ஒச்சப்பன் தீவிரமாக யோசித்தான். "இவன்தானே திரும்பக் கூடாது? படகு திரும்பலாமே!"

கம்பு ஊன்றிப் படகைக் கரையிலிருந்து கொஞ்சம் விலக்கித் திருப்பினார்கள். மாலையும் கையுமாக நின்ற பெண்ணை அப்போதுதான் மாசிலாமணி கண்ணாரப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னும் பத்தடிதான்! மோட்டாரைப் போடு!" என்று கத்தினான்.

போட்டார்கள். பெண் சின்னதானாள். பந்தல் சின்னதாயிற்று. காளத்தி கையை ஆட்டி ஆட்டிக் கரையோடு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டார்.

"பாத்தியாடா!" என்று கொதித்தான் ஒச்சப்பன். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்படி ஊரையே தூக்கிட்டு ஓடுறாங்களே!"

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"இன்னும் வேகமா விடுடா, பிடிச்சிடலாம்!"