அமலோற்பவம் சுண்டிய ஏழு கோப்பைகள்

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் விரிசல் விட்டுட்டார்."

சிஸ்டர் விண்ணரசி கஞ்சி அண்டாவில் அகப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"கண்ணுக்குத் தெரியுதா அக்கா?"

"கண்ணுக்குத் தெரியாது. சத்தத்துல தெரியுது."

"அப்படியா? அந்த உப்பு டப்பாவை எடுங்க."

அமலோற்பவம் எடுத்துக் கொடுத்தாள்.

குன்னூர் தியான இல்லத்துக்கு யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் கதி. மனப் பாரத்தோடு வருவார்கள். வெங்காயம் உரித்துவிட்டுப் போவார்கள். சிஸ்டருக்கு வயது நாற்பத்திரண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிடப் பெரியவர்கள். ஆனாலும் போனவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

அமலோற்பவம் பதினோரு வருஷமாக வருகிறாள்.

*

அமலோற்பவத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. அவளே அப்படித்தான் சொல்லுவாள்.

தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் பீங்கான் சாமான்கள் மொய்தீன் பாயின் பழைய சாமான் கடைக்கு வரும். மூட்டை பிரிக்கிற அன்றைக்கு பாய் சொல்லி அனுப்புவார். இவள் பழைய துணியும் பையுமாகப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அவள் வீட்டு ஹாலில் கண்ணாடி போட்ட ஷோகேஸ். மேல் தட்டில் நீலப் பூ வேலை செய்த தட்டுகள், முகம் காட்டிச் சாய்ந்து நிற்கும். நடுவில் கோப்பைகள். கீழே நீள மூக்கு டீப்பாட், படகு மாதிரி ஒரு குழம்புக் கிண்ணம், மூடி தொலைந்த சர்க்கரை ஜாடி. இடம் போதாமல் சுவரிலும் கம்பிக் கொக்கி போட்டுத் தட்டுகளை மாட்டியிருந்தாள்.

சாசர் இழந்த கோப்பையையும், கோப்பை இழந்த சாசரையும் சேர்த்து வைப்பதில் அவளுக்குத் தனி ஆசை.

"இதுங்களுக்கு இரண்டாங் கல்யாணம். சண்டை சச்சரவு இல்லாம இருக்குதுங்க" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் துடைப்பாள். ஒரு சாமானுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். துடைத்து முடிப்பதற்குள் ஒரு ஜெபமாலை முடிந்து இன்னொன்றில் பாதி வந்துவிடும்.

ஆனால் ஊரில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவளுடைய காது.

கோப்பையை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பை நகத்தால் ஒரு சுண்டு. கிண் என்று நீண்டு போனால் நல்லது. டொக் என்று நின்றுவிட்டால் உள்ளே எங்கேயோ மயிரிழை விரிசல். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

"அம்மா சுண்டினா அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்பார் மொய்தீன் பாய்.

*

"சரி, எப்படிச் சுண்டினீங்க அவரை?" என்று கேட்டார் சிஸ்டர்.

அமலோற்பவம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதற்காகத்தானே வந்தாள்.

"உப்பே போடாம ஒரு நாள் குழம்பு வெச்சேன் சிஸ்டர். சாப்பிட்டார். கை கழுவினார். போயிட்டார்."

"ஐயோ."

"புதுப் புடவை கட்டிக்கிட்டு முன்னால போய் நின்னேன். எப்படி இருக்குன்னேன். ம் அப்படின்னார். அந்த ம்முக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க."

"நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா?"

"விளையாடாதீங்க சிஸ்டர். தலைவலின்னு படுத்தேன். தைலத்தை எடுத்துத் தலைமாட்டுல வெச்சுட்டுப் போனார். ஒரு வார்த்தை? என்னடி பண்ணுதுன்னு ஒரு வார்த்தை?"

சிஸ்டர் அகப்பையைத் தட்டி வைத்தார்.

"போன வாரம் பெரிய தட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். வேணும்னே அவர் கண்ணுல படற மாதிரி ஆணி அடிச்சேன். முன்னெல்லாம் எப்படிக் கத்துவார் தெரியுமா? 'இன்னொண்ணாடி? சுவர் பாவம்டி, விட்டுடு'ம்பார். இப்போ ஆணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார் சிஸ்டர். பேசாம, ஆணியைப் பிடிச்சுக்கிட்டு!"



அவள் கணவர் மரியசூசை வர்க்கி பிஸ்கட் சுடுகிறவர். கடைவீதிக்குப் பின்னால் சொந்தமாக அடுப்பு வைத்திருக்கிறார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். பிள்ளைகள் மூன்று பேரும் மலையிறங்கிப் போய்விட்டார்கள். மாவு பிசைகிற கையைப் போலவே வாயும் ஓயாத மனுஷன். அந்த வாய் மூன்று வாரமாக மூடிக் கிடந்தது.

"மக சலேத் ஒரு மாசமாக் கூப்பிடறா" என்றாள் அமலோற்பவம். "ஓசூர்ல இரண்டாவது குழந்தை பிறந்திருக்கு. வேலைக்குத் திரும்பணும். ஆறு மாசம் வந்து இரும்மாங்கறா. அவர் அடுப்பை விட்டு வர மாட்டார். நான்தான் போகணும்."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. போகட்டுமான்னு நேராவே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"உன் இஷ்டம்."

சிஸ்டர் அடுப்பைத் தணித்தார்.

"டொக்குன்னு சொன்னார் சிஸ்டர். உன் இஷ்டம்னு. அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வருது. அவ ஆறு மாசம்ங்கறா. நான் திரும்பி வரதா இல்லை. அங்கேயே இருந்துக்கறேன். அதுக்குத்தான் வந்தேன். அந்த ஷோகேஸை நீங்க எடுத்துக்குங்க. சுவர்ல இருக்கிறதையும் சேர்த்து. அங்கே இரண்டு வாண்டுக இருக்கிற வீட்டுக்குப் பீங்கானை எங்கே கொண்டு போறது?"

சிஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. நீங்க போறதுக்குள்ள எனக்கு ஒரு வேலை ஆகணும் அக்கா."

*

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மத்தியானம் கஞ்சி குடிக்க ஆட்கள் வருவார்கள். அந்தக் காலத்தில் இருந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் விட்டுப்போன கோப்பைகளில்தான் அங்கே கஞ்சி ஊற்றுவார்கள். காது வைத்த பெரிய கோப்பைகள்.

"எது நல்லது, எது விரிசல்னு பிரிச்சுக் குடுத்துடுங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தும்போது யார் கையிலயாவது பிளந்துக்கிட்டா வம்பு" என்றார் சிஸ்டர். "ஆனா கண்ணைக் கட்டித்தான் விடுவேன்."

"எதுக்கு?"

"பூவைப் பார்த்தா நீங்க மயங்கிடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

அமலோற்பவத்துக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. துவைத்து மடித்த கைத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். சிஸ்டர் மேசைமேல் ஒவ்வொன்றாக வைக்கிற சத்தம் கேட்டது. அங்கே இங்கே நடந்தார். எதையோ எடுத்தார், எதையோ மூடினார்.

"ஏழு இருக்கு. கையில தூக்க வேண்டாம். மேசையிலேயே இருக்கட்டும்."

"எங்கே இருந்தா என்ன? என் காதுக்குத் தப்பாது."

சிஸ்டர் அவள் விரலைப் பிடித்து முதல் கோப்பையின் விளிம்புக்குக் காட்டினார்.

கிண்.

"நல்லது."

கிண்.

"நல்லது. கொஞ்சம் கனம் ஜாஸ்தி."

கிண்.

"இதுவும் நல்லது."

டொக்.

"விரிசல். கைப்பிடிக்குக் கீழே பாருங்க."

சிஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடேயப்பா, ஆமாம்!" என்றார். அமலோற்பவம் மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாவது நல்லது. ஆறாவதும் நல்லது.

ஏழாவது.

டப்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு தடவை சுண்டினாள்.

டப்.

"ஐயோ பாவமே. நாலாவதைவிட மோசம் சிஸ்டர். குரலே இல்லை. அடியோட பிளந்திருக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"அப்பீல் கிடையாது."

"அப்போ குப்பைக் கூடை உங்க வலது பக்கம் இருக்கு. நீங்களே எடுத்துப் போட்டுடுங்க."

அமலோற்பவம் அதன் காதைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினாள்.

கோப்பை கனத்தது. மணிக்கட்டு சாய்ந்தது. வெதுவெதுப்பாக என்னவோ விரலில் வழிந்து, வளையலில் வழிந்து, முழங்கை வரைக்கும் ஓடியது.

இடது கையால் கண் கட்டை அவிழ்த்தாள்.

கோப்பை நிறைய, தண்ணீர் விட்டு ஆற்றிய கஞ்சி. சிந்தியது போக இன்னும் விளிம்பு வரைக்கும் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது ஏமாத்து வேலை சிஸ்டர்! இத்தனை கஞ்சியை ஊத்தி வெச்சா அது எப்படிச் சத்தம் போடும்?"

சிஸ்டர் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கினார். நின்றபடியே, அவசரப்படாமல், ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அலசித் துடைத்து அவளிடம் நீட்டினார்.

அமலோற்பவம் சுண்டினாள்.

கிண் என்று கிளம்பிய ஓசை, அண்டாவைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஏழில் இதுதான் நல்ல கோப்பை.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஒரு கேள்வி கேட்டீங்களே அக்கா" என்றார் சிஸ்டர். "எப்படிச் சத்தம் போடும்னு."

"ஆமாம்."

"நல்ல கேள்வி. வீட்டுக்குக் கொண்டு போங்க."

"ஷோகேஸ்?"

"எனக்கு இங்கே தூசி தட்ட ஆளில்லை. கையைக் கழுவுங்க, கஞ்சி காய்ஞ்சா பிசுபிசுக்கும்."

*

இறக்கத்தில் நடந்து வந்தவள் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாள்.

பெட்டி இன்னும் பாதிதான் அடுக்கியிருந்தது. இருக்கட்டும்.

கடைவீதிக்குப் பின்னால் அடுப்புப் புகை மேலே ஏறிக்கொண்டிருந்தது. மரியசூசை பனியனோடு நின்று மாவு தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மைதா மூட்டை மேல் உட்கார்ந்தாள். அவர் வேலையைப் பார்த்தார். ஒரு தட்டு வர்க்கியை அடுப்புக்குள் தள்ளினார்.

அவள் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்தது. நான் போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா? விழுங்கினாள்.

இன்னொன்று வந்தது. மதியம் என்ன சாப்பிட்டீங்க? அது சாதாரணக் கேள்விதான். ஆனாலும் அதற்குப் பின்னால் வேறொன்று நகத்தை நீட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கே தெரிந்தது. அதையும் விழுங்கினாள்.

மாதாவே, என் வாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ என்று வேண்டிக்கொண்டாள்.

அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவை, மாவை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி?"

"பத்து."

"ம்."

அவள் அந்த 'ம்'முக்கு அர்த்தம் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

மரியசூசை விரலில் ஒட்டிய மாவை ஒவ்வொரு விரலாக உருட்டி உருட்டி எடுத்தார். ஐந்து விரலும் ஆயிற்று. அடுத்த கை. அதுவும் ஆயிற்று. எடுக்க இனி மாவில்லை.

"நான் பேசறதில்லைன்னு உனக்கு வருத்தம்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"பேச வாயைத் திறந்தா போகாதேன்னு வந்துடும் அமலு." தரையைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு பாவம், பச்சைப் பிள்ளையை வெச்சுக்கிட்டுத் திண்டாடறா. நான் அதைச் சொன்னா நீ போக மாட்ட. உன்னைத் தெரியாதா? உப்பைப் பத்தி ஆரம்பிச்சாலும் கடைசியில அதுலதான் வந்து நிக்கும். அதான் வாயே திறக்கலை."

அமலோற்பவம் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் மாவாயிற்று.

"அதை ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க" என்றாள். "கேட்டுட்டு, போயிட்டு வந்துடறேன்."

உள்ளே வர்க்கி கருகுகிற வாசனை வந்தது. எழுந்து போக வேண்டியவர் எழவில்லை.

சொன்னார். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை.