கஸ்பாருக்குச் செஞ்ச படகு

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தான். கடலோர ஊரு. அவன் பேரு தொம்மை. மீன் பிடிக்கிறதுதான் வேலை. அவனால ஒரு இடத்துல உட்கார முடியாது. சோத்தைக்கூட நின்னுக்கிட்டுதான் தின்பான். கோயில்ல பூசை நடக்கும்போது ஆறு தடவை வெளிய போய், செருப்பு இருக்கான்னு பார்த்துட்டு வருவான். பிடிச்சு உட்கார வச்சா ரெண்டு காலும் தடதட தடதடன்னு ஆடும். இப்போ நீ ஆட்டுற மாதிரிதான். போர்வையை உதைக்காதே. ம் சொல்லு.

“ம்.”

அவனுக்கு ஒரு சிநேகிதன். பேரு கஸ்பார். அவன் அப்படியே நேர் எதிர். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வள்ளம். வள்ளம்னா சின்னப் படகு. அதுல பின்பலகையில கஸ்பார் உட்கார்ந்தான்னா உட்கார்ந்ததுதான். தொம்மை முன்னாடி நின்னுக்கிட்டு, “அந்தா மீனு, இந்தா மீனு, இப்படிப் போ, அப்படிப் போ”ன்னு குதிப்பான். கஸ்பார் “சரி”ம்பான். அவ்வளவுதான் பேச்சு. இருபது வருஷம் இப்படியே ஓடிச்சு.

அப்புறம் ஒரு ஐப்பசி மாசம் கஸ்பாருக்குக் காய்ச்சல் வந்துச்சு. லொக்கு லொக்குன்னு இருமல். பத்து நாள் படுத்திருந்தான். பதினோராம் நாள் செத்துப் போயிட்டான்.

“ஊசி போடலியா அத்தை?”

போட்டாங்க. அப்படியும் செத்துப் போயிட்டான். கேளு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கடல்ல செத்தவனைக் கடலே கூட்டிட்டுப் போயிடும். ஆனா கடல்காரன் கட்டில்ல செத்தா எதுல போவான்? அதனால அவனோட சிநேகிதன், முழங்கை நீளத்துக்கு ஒரு சின்னப் படகு செஞ்சு, செத்த முப்பதாம் நாள் பொழுது அடையிறதுக்குள்ள கடல்ல விடணும். விடலேன்னா செத்தவன் கரையிலயே நிப்பான். அதுல ஒரு கண்டிப்பு வேற. கத்தியை எடுத்து உட்கார்ந்தா படகு முடியிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தா அந்தக் கட்டை அடுப்புக்குப் போயிடும். வேற கட்டையில முதல்ல இருந்து செய்யணும்.

யாரு செய்யணும்? நம்ம தொம்மை. ஊரே சிரிச்சுது. “கஸ்பார் கரையிலதான் நிக்கப் போறான், ஒரு குடை குடுத்துடுங்க”ன்னாங்க.

கஸ்பார் பொண்டாட்டி பேரு பிரகாசி. அவ சிரிக்கல. அவ வீட்டுக் கொல்லையில ஒரு கல்யாண முருங்கை இருந்துச்சு. லேசான மரம், நல்லா மிதக்கும். ஆனா அதுல கட்டைக்கு ஆகிற கிளை மூணே மூணுதான். அவன் செத்த பன்னெண்டாம் நாள் பிரகாசி ஒரு கிளையை வெட்டிக் குடுத்தா.

தொம்மை மரத்தடியில உட்கார்ந்து செதுக்கினான். சரக், சரக். பட்டை போச்சு, அடி உருண்டு வந்துச்சு. அப்போ கடற்கரையில ஒரு சத்தம். “சாளை மீனு வந்திருக்கு, சாளை!” அவ்வளவுதான். அவன் கால் அவனைக் கேட்கவே இல்ல. காலுக்கடியில ஈர மணல் பட்ட பிறகுதான் அவனுக்கு ஞாபகமே வந்துச்சு. ஐயையோன்னு திரும்பி ஓடியாந்தா, பிரகாசி அடுப்புல கஞ்சி கொதிக்குது. தளதள தளதள.

“வாங்கண்ணே, கஞ்சி குடிச்சுட்டுப் போங்க. உங்க படகுல வெந்ததுதான்”னா.

அவன் குடிச்சான். நின்னுக்கிட்டே.

“ம்.”

அப்புறம் இருபத்திரெண்டாம் நாள். ரெண்டாவது கிளை. இந்தத் தடவை தொம்மை வலைக்கயிறு கொண்டு வந்து ரெண்டு காலையும் மரத்தோட சேர்த்துக் கட்டிக்கிட்டான். சரக், சரக். அடி வந்துச்சு, முன்மூக்கு வந்துச்சு, உள்ளே குடைஞ்சும் முடிச்சான். கடற்கரையில சாளைன்னு கத்தினாங்க, அவன் போகல. ரெண்டு நாய் சண்டை போட்டுச்சு, திரும்பிக்கூடப் பார்க்கல. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போ வீட்டுக்குள்ள இருந்து, லொக்கு. லொக்கு லொக்கு.

தொம்மை கத்தியால கயித்தை அறுத்தான். எழுந்தான். ஓடினான். வீட்டுப் பக்கம் இல்ல. வீட்டை விட்டு, தெருவை விட்டு, கடற்கரைக் கடைசி வரைக்கும் ஓடினான்.

“பேயா?”

பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரகாசி பின்னாலயே போய்ப் பார்த்தா, ஆளு மணல்ல அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு இருக்கான்.

“மிளகாய் வறுத்தேண்ணே. கமறிடுச்சு. நான்தான் இருமினேன்”னா.

“அவன் இருமுற மாதிரியே இருந்துச்சு”ன்னான்.

பிரகாசி அவன் முன்னாடி வந்து நின்னா. அப்புறம் கேட்டுட்டா. “அவரு படுத்திருந்த பத்து நாளும் நீங்க வராத நேரம் இல்ல. ஐஸ் கொண்டு வந்தீங்க. டாக்டரைக் கூட்டிட்டு வந்தீங்க. ஒரு நாளைக்குப் பத்து தடவை வந்தீங்க. கட்டில்கிட்ட ஒரு தடவைகூட உட்காரலியே. தொம்மை எங்கே, தொம்மை எங்கேன்னு கேட்டுக்கிட்டே கிடந்தாரு. இப்பத்தானே வந்துட்டுப் போனாருன்னு நானும் சொல்லிக்கிட்டே கிடந்தேன்.”

“உட்கார்ந்தா அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே”ன்னான் தொம்மை.

அதுக்கு மேல அவளும் கேட்கல. ரெண்டாவது கட்டையும் அடுப்புக்குப் போச்சு. ம் சொல்லு.

“ம்... அப்புறம்?”

அப்புறம் முப்பதாம் நாள் விடிஞ்சுது. மரத்துல ஒரே கிளை. பிரகாசி அதை வெட்டும்போது அருவா ரெண்டு தடவை நழுவிச்சு. தொம்மை கட்டையைக் கையில வாங்கிக்கிட்டு மரத்தடியைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். “இங்க ஆகாது பிரகாசி. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட வழி இருக்கு. என்னை வள்ளத்துல ஏத்தி அலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டுடு. துடுப்பை நீ எடுத்துட்டு வந்துடு”ன்னான்.

“நீந்தி வந்துட மாட்டீங்களா?”

“வந்தா தள்ளி விடு.”

பிரகாசிக்குத் துடுப்புப் போடத் தெரியும். இன்னொரு வள்ளத்துல அவனோட வள்ளத்தைக் கட்டி இழுத்துட்டுப் போனா. அலை தாண்டி நங்கூரத்தைப் போட்டா, தொபுக்குன்னு. துடுப்பை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டா.

இப்போ தொம்மை ஒத்தையில. உட்காரணும்னா ஒரே பலகைதான். பின்பலகை, கஸ்பார் உட்கார்ற இடம். வேற வழி இல்லாம அதுல உட்கார்ந்தான். கால் தடதட தடதடன்னு ஆடிச்சு. வள்ளமும் தளக் புளக், தளக் புளக்னு ஆடிச்சு. ரெண்டும் சேர்ந்து ஆடி ஆடி, கொஞ்ச நேரத்துல வள்ளம் மட்டும்தான் ஆடுது, கால் நின்னு போச்சு.

சரக், சரக். செதுக்கினான். வெயில் ஏறிச்சு. கத்தி வழுக்கிக் கட்டைவிரல்ல பட்டுச்சு, வாயில வச்சு உறிஞ்சிட்டுச் செதுக்கினான். கரையில இருந்து யாரோ, “தொம்மை, உன் ஆடு அவுத்துக்கிட்டு ஓடுது”ன்னு கத்தினாங்க. நிஜமாவே ஓடிச்சு. அவன் பார்த்தான். பார்த்துட்டுக் குனிஞ்சு செதுக்கினான். அப்போ அவனுக்கே தெரியாம வாயி பேச ஆரம்பிச்சுது.

“நான் இளநீ வாங்கத்தான்டா போனேன். நீ போன அன்னிக்கு. முதல் கடையிலயே இருந்துச்சு. நல்ல வழுக்கையா வேணும்னு நாலு கடை ஏறி இறங்கினேன். வழுக்கைக்காக இல்லடா. திரும்பி வர்றதுக்குப் பயம்.”

யாரும் ‘சரி’ன்னு சொல்லல. தளக் புளக்னு தண்ணி மட்டும்தான். அவன் அழுதான். அழுதுக்கிட்டே செதுக்கினான். எழுந்திருக்கல.

“ம்.”

சாயங்காலம் படகு முடிஞ்சுது. அவ்வளவு அழகு ஒண்ணும் இல்ல. மூக்கு கொஞ்சம் இடது பக்கம் கோணல். ஒரு ஓரத்துல விரல் ரத்தம். தொம்மை கையை நீட்டி அதைத் தண்ணியில வச்சான்.

அது போகல.

வள்ளத்தை ஒட்டியே நின்னுக்கிட்டு, டொக், டொக், டொக்னு முட்டிச்சு. சூரியன் இறங்கிக்கிட்டே இருக்கு. தொம்மைக்குக் கை பரபரன்னுது. ஒரு தள்ளு தள்ளினா போதும், போயிடும். கையை நீட்டிட்டான். விரல் படப் போற நேரத்துல நிறுத்திக்கிட்டான். அது எப்போ போகணும்னு நினைக்குதோ அப்போ போகட்டும்னு கையை மடியில வச்சுக்கிட்டு, அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

டொக். டொக்.

அப்போ காத்து திரும்பிச்சு. கரையில இருந்து கடலுக்கு, மெதுவா, உஸ்ஸுன்னு. சின்னப் படகு மூக்கைத் திருப்பிச்சு. ஒரு முழம் தள்ளிப் போச்சு. ரெண்டு முழம் போச்சு. அப்புறம் அதுபாட்டுக்குப் போக ஆரம்பிச்சுது.

பிரகாசி கரையில இருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தா. சளக் சளக்னு துடுப்புப் போட்டுக்கிட்டு வந்து பக்கத்துல நிறுத்தினா.

“முடிஞ்சுதாண்ணே?”

“ம்.”

“அப்போ வாங்க, ஏறுங்க. பொழுது அடையப் போகுது.”

“இன்னும் தெரியுது பிரகாசி. மறையட்டும்.”

அவ கடலைப் பார்த்தா. தூரத்துல ஒரு பொட்டு மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போய்க்கிட்டு இருந்துச்சு. அப்போ அவளும் துடுப்பை எடுத்து உள்ள வச்சுட்டு, உட்கார்ந்தா.

ம் சொல்லு. சொல்ல மாட்டியா? சரி. கதை கடலோட போச்சு, தூக்கம் கரைக்கு வந்துச்சு. நீ தூங்கு. நான் இங்கதான் இருக்கேன்.