பதினோராம் ஆண்டில் பூத்த குறிஞ்சி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. குறிஞ்சிக்கு அது கொஞ்சம் நீளம். அப்போது அது வருஷா வருஷம் பூத்தது. பூத்தால் விருந்தாளிகள் வராமல் இருப்பார்களா? மலைத்தேனீக்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். கொசுத்தேனீக்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. தேன்சிட்டுகளுக்கு வழி தூரம், நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வந்து சேரும்.

ஒரு வருஷம் மூன்று கூட்டமும் ஒன்றாக வந்து இறங்கின. அவை குடித்துவிட்டுப் போனபோது பூவெல்லாம் கசங்கிக் கிடந்தது. குறிஞ்சிக்குப் பொறுக்கவில்லை. பாறைக்கு அடியில் குடியிருந்த முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது.

“அண்ணே, ஒருத்தர் கால்கூடப் படாம, ஒரு தடவையாவது நான் மலை முழுக்கப் பூத்து நிக்கணும். இவங்க யாருமே வராத வருஷம் எது?”

முள்ளம்பன்றி தன் உதிர்ந்த முட்களைப் பொறுக்கித் தரையில் அடுக்கிப் பார்த்தது.

“இந்த வருஷத்துக்கு அப்புறம் எண்ணினா அஞ்சு, ஏழு எல்லாம் தோதுதான். ஆனா பதினொண்ணு வரைக்கும் சாறு சேத்து வச்சா நீலம் கூடும். ரெண்டு ரெண்டா வச்சா ஒண்ணு மிஞ்சுது. மூணு மூணா வச்சா ரெண்டு, நாலு நாலா வச்சா மூணு. யாருக்கும் பிடி கொடுக்காது. ஒரு முள்ளு கூடிப் பன்னெண்டு ஆச்சோ, மூணு பேருக்கும் மிச்சமில்லாமப் பொருந்திடும். அத்தனை பேரும் ஒண்ணா வந்து நிப்பாங்க, பாத்துக்கோ.”

“ஐயோ, அந்தக் கூட்டமே வேண்டாம்” என்றது குறிஞ்சி.

அதன்பிறகு அது மொட்டே விடவில்லை. இடையில் வந்தவை வெறும் இலையைப் பார்த்தன. “உடம்பு சரியில்ல போல” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு பசியோடு திரும்பிப் போயின. குறிஞ்சி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

பதினோராம் வருஷம் மலையே நீலமானது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மகரந்தம் சுமக்க ஆள் இல்லை. ஒரு பூவில்கூட விதை பிடிக்கவில்லை. சேர்த்து வைத்த சாறெல்லாம் தீர்ந்து, புதர்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. பாறை நிழலில் இன்னும் மொட்டு விரியாமல் ஒரே ஒரு புதர் மிஞ்சியது. அதுவும் விதைக்காமல் போனால் குறிஞ்சி என்ற இனமே இல்லை.

அடுத்த வருஷம் மூன்று கூட்டமும் வந்தன, எல்லாம் இளைத்துப்போய். காய்ந்த மலையைப் பார்த்துக் கொசுத்தேனீ பதறிப்போனது.

“என்னக்கா ஆச்சு? தெரிஞ்சிருந்தா போன வருஷமே ஓடி வந்திருப்போமே!”

குறிஞ்சிக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

“நீங்க வரக் கூடாதுன்னுதான் போன வருஷம் பூத்தேன்.”

யாரும் திட்டவில்லை. மலைத்தேனீ மட்டும் மெதுவாகக் கேட்டது: “அவ்வளவு பாரமாவா இருந்தோம்?”

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். குறிஞ்சி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இருந்த மொட்டுகளை எல்லாம் விரித்தது. அத்தனை பசியிலும் விருந்தாளிகள் அவசரப்படவில்லை. இதழ் கசங்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் குடித்தன. அதைத்தான் குறிஞ்சியால் தாங்க முடியவில்லை.

அந்த ஒரு புதரின் விதைதான் மலையெங்கும் முளைத்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நான்குக்கும் சேர்ந்தாற்போல இடம் கொடுக்கிற பன்னிரண்டாம் ஆண்டுக்காகக் குறிஞ்சி காத்திருக்க ஆரம்பித்தது அன்று முதல்தான். விருந்து முடிந்ததும், மறுபடி முகம் காட்டக் கூசி, நின்ற இடத்திலேயே காய்ந்துபோவதும் அன்று முதல்தான்.